காற்றுக் கூடத்தின் மேற்குச் சுவர்

மோட்டார் உறுமி, விசிறி முழு வேகம் பிடித்ததும் கண்ணாடி ஜன்னலுக்குள் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். இறக்கையின் மேல் நான் ஒட்டியிருந்த நூல்கள் அத்தனையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

நடுங்கக் கூடாது. இறக்கை மட்டமாக இருக்கும்போது நூல்கள் எல்லாம் எண்ணெய் தேய்த்து வாரிய தலைமுடி மாதிரி பின்னால் படிந்து கிடக்க வேண்டும். இங்கே ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு பேச்சியம்மா?" என்றார் கலைவாணி மேடம்.

"தெரியல மேடம்."

முப்பது வருஷம் நூல் ஒட்டியவள் நான். "தெரியல" என்று என் வாயிலிருந்தே வந்தது எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

போன புரட்டாசி மாதம் ஒரு காலை அது. மணி ஒன்பது இருக்கும். பதினொரு மணிக்கு மதுரையிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு காரில் வந்து இறங்கப் போகிறது. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடி போகிற வழியில் இருக்கும் இந்தப் பழைய ஷெட்டைப் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொள்வதா, இடித்துவிடுவதா என்று அன்றைக்கு அவர்கள் முடிவு செய்வார்கள். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கருவி, அது பிறந்த இடத்திலேயே ஓடிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் விசிறியையும் இறக்கையையும் கழற்றி லாரியில் ஏற்றி, வெளியூரில் இருக்கும் தலைமை மையத்துக் காட்சிசாலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஷெட் தரைமட்டம்.

தகரம் போட்ட ஒரு பஞ்சு கோடவுனுக்கா இத்தனை பதற்றம் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். அது எப்பேர்ப்பட்ட இடம் என்று சொல்லிவிட்டு மறுபடி அந்த ஜன்னலுக்கு வருகிறேன். அதுவரை நூல்கள் நடுங்கட்டும்.

பஞ்சு கோடவுனில் ஒரு வானூர்தி

போன வாரம் நூல் மில்லை மூடிய கதையைச் சொல்லியிருந்தேன். "மில்லில் இழை முடிந்துகொண்டிருந்த நீங்கள் வானூர்திக்கு எப்படிப் போனீர்கள்?" என்று சாத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். நான் எங்கேயும் போகவில்லை அம்மா. வானூர்திதான் என்னைத் தேடி வந்தது.

நம் நாடு சொந்தமாக வானூர்தி செய்ய ஆசைப்பட்ட காலம். அதற்கென்று ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அதன் முழுப் பெயர் நீளமானது. நாங்கள் மையம் என்றுதான் சொல்வோம். பலகை மாட்டியாகிவிட்டது, விஞ்ஞானிகளும் வந்துவிட்டார்கள். காற்றுதான் இல்லை.

ஏனென்றால் எந்த வானூர்தியையும் நேரே வானத்துக்கு அனுப்ப முடியாது. முதலில் அதன் மாதிரியைச் சின்னதாகச் செய்து, ஒரு பெரிய குழாய்க்குள் நிறுத்தி, அதன் மேல் காற்றை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வானூர்தி போய்க் காற்றைக் கிழித்தாலும், வானூர்தி நிற்கக் காற்று வந்து மோதினாலும் கணக்கு ஒன்றுதானாம். இந்தக் குழாயை இங்கிலீஷில் விண்ட் டன்னல் என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் காத்துக் கூடம். எனக்கு இதுதான் பிடித்த பெயர்.

மையத்தின் முதல் காற்றுக் கூடத்தை எங்கே வைப்பது என்று தேடி வந்த பெரிய விஞ்ஞானி ஒருவர் அருப்புக்கோட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நூல் மில்லில் இழை அறாமல் இருக்க அறைக்குள் ஈரக்காற்றை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆளை விட உயரமான விசிறிகள் உண்டு. அந்த விசிறியை இருட்டில்கூடக் கழற்றி மாட்டுகிற ஃபிட்டர்கள் இங்கே தெருத்தெருவாக இருந்தார்கள். நீளமான கோடவுன் ஒன்று சும்மா கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் பக்கம் மழை கிடையாது. காற்றில் ஈரம் கிடையாது. மாதிரிக்காக மரத்தில் செய்த இறக்கைகள் ஊறி உப்பாது.

மழை பெய்யாததற்காக எங்கள் ஊரை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மூடின மில்லின் விசிறியையே கொண்டுவந்து ஷெட்டின் கடைசியில் மாட்டினார்கள். கிழக்கே ரோட்டைப் பார்த்து அகலமான வாய். நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த பகுதி, அதற்குள் இறக்கை. மேற்கே கடைசியில் விசிறி அறை. விசிறி காற்றை வாய் வழியாக இழுக்கும், இறக்கை மேல் ஓட்டும், பின்னால் தள்ளும். அவ்வளவுதான் கருவி.

பிறகு கேட்டு வந்தார்கள், அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் சேர்க்கிற கை உள்ள பெண்கள் வேண்டும் என்று. மில்லில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஆறு பேர் போனோம்.

நூல் என்ன சொல்லும்?

காற்று கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரிய வைப்பதுதான் எங்கள் வேலை. அரை விரல் நீளத்துக்கு வெள்ளை நூலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு நுனியை இறக்கையில் ஒட்டி, மறு நுனியைச் சும்மா விட வேண்டும். வரிசை வரிசையாக, சாணளவு இடத்தில் இருபது முப்பது நூல். ஒன்று கோணினாலும் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும்.

காற்று இறக்கையோடு ஒட்டி ஓடினால் நூல் படுத்திருக்கும். காற்று இறக்கையை விட்டுப் பிரிந்தால் நூல் துடிக்கும், சுருளும், திரும்பி முன்பக்கம் பார்க்கும். அந்த இடத்தில் வானூர்திக்கு ஆபத்து என்று அர்த்தம்.

முதலில் மைதாப் பசை கொடுத்தார்கள். எங்கள் வெயிலுக்கு அது காய்ந்து சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, நூலெல்லாம் விசிறிக்குள் போனது. புளியங்கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, அரைத்துக் காய்ச்சிப் பசை வைத்தால் நிற்கும் என்று நான் சொன்னேன். சிரித்தார்கள். வைத்துக் காட்டினேன். அப்புறம் தலைமை மையத்துக்குப் போன அறிக்கையில் அதை "உள்ளூர்ப் பசை" என்று எழுதினார்களாம். என் பெயரை எழுதவில்லை. பசையாவது போயிற்றே என்று இருந்துகொண்டேன்.

முதல் நாள் வேலை முடிந்து திருச்சுழி பஸ்ஸில் வீட்டுக்குப் போய், என் அம்மாவிடம் விவரம் சொன்னேன். அம்மா அடுத்தவர் புஞ்சையில் பருத்தி எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"காத்துல நூலு ஆடுறதப் பாக்கச் சம்பளமா?" என்றாள். "ஏமாத்துறாங்க புள்ள. சூதானமா இரு."

ஒரு நாள் சின்னப் பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கையை வைத்து ஓட்டினோம். இறக்கை உடலோடு சேரும் மூலையில் மூன்றே மூன்று நூல் மட்டும் மற்றதற்கு முன்னாலேயே துடித்தது. நான்தான் முதலில் பார்த்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று பயந்து பயந்து சொன்னேன். அந்த மூலையை இழைத்து இழைத்து மாற்றினார்கள். பல மாதம் கழித்து அந்த விமானம் பறந்தது. ஓட்டியவர் எங்கள் ஷெட்டுக்கு வந்து, "அந்த மூணு நூல் எங்க?" என்று கேட்டார். காட்டினேன். கை கூப்பினார். பருத்தி எடுக்கிறவள் மகளுக்கு வானத்தில் பறந்தவர் கும்பிடு போட்டார். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதுகு தானாக நிமிரும்.

மேகத்தை ஊதித் தள்ளினோமாம்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. எங்கள் விசிறிச் சத்தம் மூன்று ஊருக்குக் கேட்கும். யார் கிளப்பிவிட்டார்களோ, அரசாங்கம் பெரிய காற்றாடி வைத்து மேகத்தையெல்லாம் கடலுக்கு ஊதித் தள்ளுகிறது என்று பேச்சு பரவிவிட்டது. ஒரு நாள் டிராக்டரில் ஆட்கள் வந்து ஷெட்டு வாசலில் குதித்தார்கள். முன்னால் நின்றவர் திருச்சுழிப் பக்கத்துப் பெரிய சம்சாரி, நிலக்காரர். என் அம்மா பருத்தி எடுத்தது அவர் புஞ்சையில்தான்.

விஞ்ஞானிகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். படித்தவர்கள் அல்லவா. நான்தான் வெளியே வந்தேன்.

"ஏ, நீ சுப்பம்மா மகதான?" என்றார் அவர். "ஒங்க மிசினு மேகத்த வெரட்டுதாமில்ல?"

"உள்ள வந்து பாருங்கய்யா. வெரட்டுனா நானே அணைச்சிட்டு ஒங்க கூட டிராக்டர்ல ஏறி வாரேன்" என்றேன்.

உள்ளே அழைத்துப் போய் ஜன்னல் முன்னால் ஒரு நாற்காலி போட்டேன். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்ட பிறகுதான் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. எழுந்திருக்கவில்லை. அவர் கண் முழுக்க நூலின் மேல் இருந்தது.

"பருத்திச் செடி காத்துக்குச் சாயுற மாதிரில்ல சாயுது" என்றார்.

"ஆமாய்யா. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு நூலு சொல்லும். மழைக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல."

அவர் வெளியே போய்க் கூட்டத்தைப் பார்த்து, "ஏலே, ஏறுங்கலே வண்டியில. இது வேற சோலி. நம்ம பேச்சி அவுகதான் உள்ள இருக்காக" என்றார்.

அவுக! என் அம்மாவை அவர் அப்படிச் சொன்னதில்லை. என் அப்பாவையும் சொன்னதில்லை. அன்றைக்குக் காற்றைவிட நான்தான் வேகமாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

பிறகு மையம் வளர்ந்து, வெளியூரில் ஊரளவு பெரிய காற்றுக் கூடங்கள் கட்டிக்கொண்டது. நானும் அங்கே போய், டெக்னீசியன் ஆகி, ஓய்வு பெற்றுத் திருச்சுழிக்கே திரும்பினேன். அத்தனைக்கும் வேரான இந்த ஷெட் பூட்டிக் கிடந்தது. சுற்றிலும் கருவேலம் மண்டியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கலைவாணி மேடம் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்து, இதைச் சின்னமாக்கியே தீருவேன் என்று தலைமையோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பிடிவாதம் எண்பது வயசுக்கு உண்டு. நூல் ஒட்டத் தெரிந்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடி என்னைப் பிடித்தார். ஆறு பேரில் நான் ஒருத்திதான் மிச்சம்.

கம்பு நூல்

இனி ஜன்னலுக்கு வருவோம். நூல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

முந்தின நாள் சாயந்திரம்தான் மோட்டார் மதுரையில் புதுச் செம்புக் கம்பி சுற்றி வந்து சேர்ந்தது. அதனால் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்க நேரமில்லை. முதல் ஓட்டமே இதுதான்.

"இறக்கை வளைஞ்சிருக்குமோ?" என்றார் மேடம். மட்டம் வைத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. நூல் புதுசு, அதனால் முறுக்கு அதிகமோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு வரிசையைப் பிய்த்துவிட்டுப் பழைய நூலில் ஒட்டினேன். வரிசை நேராக வந்தது. மறுபடி ஓட்டினோம். அதே நடுக்கம். அதோடு விசிறி, மேடு ஏறுகிற லோடு லாரி மாதிரி மூச்சு வாங்கியது.

மணி பத்தாகப் பத்து நிமிஷம்.

மேடம் நெற்றியைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டார். "விசிறி கிழவியாயிடுச்சு போல. காட்சிசாலைக்கே போகட்டும்னு சொல்லிட வேண்டியதுதான்" என்றார். இரண்டு வருஷம் யாருக்கும் வளையாத பெண் சொன்ன பேச்சு அது.

"இருங்க மேடம். இன்னும் காத்தக் கேக்கல" என்றேன்.

எங்கள் காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதுவும் புரியாவிட்டால் நீளமான மூங்கில் கம்பு நுனியில் ஒரு முழம் நூலைக் கட்டி, காற்று போகிற வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நடப்போம். நூல் எங்கே சாய்கிறது, எங்கே சும்மா தொங்குகிறது என்று பார்த்தால் பிழை இருக்கும் இடம் தெரிந்துவிடும். கம்பு நூல் என்போம். மூலையில் ஒட்டடைக் கம்பு ஒன்று கிடந்தது. அதில் நூலைக் கட்டிக்கொண்டு, விசிறியை ஓடவிட்டுக் கிளம்பினேன்.

கிழக்கு வாயில் நூல் ஜோராக உள்ளே இழுபட வேண்டும். கோயில் மாடு வாலை ஆட்டுகிற மாதிரி மெதுவாக ஆடியது. அப்படியென்றால் காற்று உள்ளேயே வரவில்லை. குழாயோரமாகவே மேற்கு நோக்கி நடந்தேன். குழாயில் ஓட்டை எதுவும் இல்லை. கடைசியில் விசிறி அறைக் கதவு சாத்தியிருந்தது. கம்பைத் தாழ்த்தினேன். கதவின் அடி இடுக்கில் நூல் சட்டென்று விறைத்துக்கொண்டு என் காலைப் பார்த்து நீட்டியது. இடுக்கு வழியாகக் காற்று பீறிட்டுக்கொண்டிருந்தது.

"மேடம், அணைங்க! மோட்டார அணைங்க!" என்று கத்தினேன்.

விசிறி பலமாக இருந்தது. பாவம், அது தள்ளுகிற காற்றுக்கு வெளியே போக வழியில்லை. எலிப் பொந்து மாதிரி ஒரு கதவிடுக்கைத் தேடிப் பிடித்து வெளியேறிக்கொண்டிருந்தது.

விசிறி நின்றதும் கதவைத் திறந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. சேலை விசிறியில் மாட்டிக்கொள்ளும் என்று பெண்களை உள்ளே விடமாட்டார்கள். மோட்டார் ஓட்டிய சுப்பையா அண்ணன் மட்டும்தான் போவார், அவரும் காலமாகிவிட்டார். அதனால் அந்த அறை எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. பழைய வரைபடத்திலும் குழாயைத்தான் போட்டிருந்தார்கள், அறையைப் போடவில்லை.

சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். விசிறிக்கு நேர் எதிரே, இரண்டு ஆள் நீளத் தூரத்தில், மேற்குச் சுவர். மழமழவென்று பூசி வெள்ளையடித்திருந்தது. கை வைத்துத் தடவினேன். தட்டிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சத்தம், நடுவில் ஒரு சத்தம்.

எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வழவழப்பாகப் பூசுகிற கை இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

"முனியாண்டி!" என்று அலறினேன்.

ரெண்டு மாசச் சுவர்

கொத்தனார் முனியாண்டி காலமான என் வீட்டுக்காரரின் தம்பி. அறுபது வயது. ஷெட்டைப் புதுப்பித்தது அவன் ஆட்கள்தான், நான் சொல்லித்தான் வேலைக்கு வைத்தார்கள். குழு வருவதைப் பார்க்க வெள்ளை வேட்டி கட்டி வேப்ப மரத்தடியில் நின்றிருந்தவன் ஓடி வந்தான்.

"இந்தச் சுவத்துல ஓட்டை இருந்துச்சா?"

"ஓட்டையா? ஆள் உசரத்துக்குப் பொந்து இருந்துச்சு மதினி. கம்பி வலை அடிச்சு, அதுவும் இத்துப் போயி. வெளிய பனையோலத் தட்டி ஒண்ணு மறைச்சு நின்னுச்சு. அது செல்லரிச்சுக் கெடந்துச்சுன்னு எடுத்துப் போட்டோம். அதுக்கப்பறம் ஆடிக் காத்து அடிச்சுச்சு பாருங்க, மண்ணு பூரா உள்ள வந்து விசிறி மேல அப்புது. அதான் கட்டி அடைச்சேன்." அவன் முகத்தில் பெருமை வழிந்தது. "யாரும் கேக்கல, நானாத்தான் செஞ்சேன். நம்ம பக்கம் எவனாச்சும் மேக்கால ஓட்டைய வச்சுக்கிட்டுக் குடியிருப்பானா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. எங்கள் சீமையில் மேற்கே ஜன்னல் வைத்த வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆடி மாதம் சோற்றில் மண் விழும். மேற்குப் பக்கம் ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் எங்கள் கொத்தனார் கை சும்மா இருக்காது. ஆனால் அந்த ஓட்டைதான் காற்றுக் கூடத்துக்கு மூக்கு. மூக்கை அடைத்துவிட்டு, மூச்சு விடு என்றால் எப்படி விடும்?

"ஒடைக்கணும். இப்பவே" என்றேன்.

மேடம் வெளிறிப்போனார். "பாரம்பரியக் கட்டடம் பேச்சியம்மா. ஒரு செங்கலைத் தொடணும்னாலும் எழுதி அனுமதி வாங்கணும். இப்பத்தானே பட்டியலுக்கு அனுப்பியிருக்கோம்..."

"மேடம், இது ரெண்டு மாசச் சுவரு. ரெண்டு மாசப் பிள்ளைக்கு என்ன பாரம்பரியம்?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "உடைங்க. கேள்வி வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

முனியாண்டி கையைக் கட்டிக்கொண்டான். "நான் கட்டுன சுவத்த என் கையால இடிக்க மாட்டேன் மதினி. தொழிலுக்கு ஆகாது."

"நீ இடிக்க வேணாம். தள்ளு."

கடப்பாரையை எடுத்தேன். பத்து வயதில் அம்மாவோடு களை வெட்டப் போன கை இது. நடுவில் முப்பது வருஷம் அரை விரல் நூலைப் பிடித்துப் பூப்போல ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன். முதல் குத்தில் பூச்சு உதிர்ந்தது. இரண்டாவது குத்தில் ஒரு செங்கல் அசைந்தது. மூன்றாவது குத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது.

முனியாண்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "ஐயையோ, அங்க குத்தாதீக! பழைய நெலை சேந்து வந்துரும். மேல இருந்து ஒவ்வொரு வரிசையா எடுக்கணும்." நான் நிறுத்தவில்லை, வேண்டுமென்றே அதே இடத்தில் ஒரு குத்து வைத்தேன். அதோடு அவனால் தாங்க முடியவில்லை. "கொண்டாங்க இங்க. ஒரு சுவத்த இடிக்கத் தெரியல, ஏரோப்ளேன் விட வந்துட்டாக" என்று கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினான். தொழிலுக்கு ஆகாது என்ற பேச்சை அப்புறம் அவன் எடுக்கவே இல்லை.

அவன் இடித்தான். நான் செங்கல்லை வாங்கி மேடத்திடம் கொடுத்தேன். மேடம் பட்டுச் சேலையோடு செங்கல்லைக் கொண்டுபோய் வெளியே அடுக்கினார். மணி பத்தேமுக்காலுக்கு ஆள் உயரத்துக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்தப் பக்கம் கருவேலங்காடு தெரிந்தது. தரையைக் கூட்டி, தூசி படியத் தண்ணீர் தெளித்தோம். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், ரோட்டில் கார் நிற்கும் சத்தம்.

படுத்த நூல்

ஓட்டிப் பார்க்க நேரமில்லை. அவர்கள் முன்னால்தான் ஓட்ட வேண்டும்.

குழுத் தலைவர் மெலிந்த மனிதர், தலை முழுக்க நரை. சென்னையில் பெரிய பதவியில் இருந்தவராம். பெரிய பதவியில் இருந்தும் தமிழில் பேச வெட்கப்படாதவர். எங்கள் மூன்று பேர் தலையிலும் இருந்த செங்கல் தூசியைப் பார்த்தார். பிறகு கண்ணாடி ஜன்னல் பக்கம் நடந்தார்.

மேடம் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. விசிறி சுற்றச் சுற்ற மூச்சு வாங்கும் சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. அந்தப் பழைய இரைச்சல் வந்தது. நீளமாக, ஒரே சீராக, தரை அதிர, நாற்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று ஊருக்குக் கேட்ட அதே இரைச்சல். விளக்கைப் போட்டேன்.

நூல் அத்தனையும் படுத்திருந்தது.

ஒன்றுகூட ஆடவில்லை. வரிசை வரிசையாக, நேர்நேராக, வெள்ளை வெளேரென்று. நான் வாய்விட்டு "ஆத்தாடி!" என்றேன்.

இறக்கையின் மூக்கைத் தூக்கும் கைப்பிடியைத் தலைவர் பார்க்கச் சுற்றினேன். கொஞ்சம் தூக்கினேன், நூல் அசையவில்லை. இன்னும் தூக்கினேன். பின் வரிசை சிலிர்த்தது. இன்னும் ஒரு சுற்று. சட்டென்று நடு நூல்களெல்லாம் எழுந்து, சுருண்டு, முன்பக்கம் திரும்பிக்கொண்டன.

"இதுக்கு மேல மூக்கத் தூக்குனா விமானம் விழுந்துரும் சார்" என்றேன்.

"இன்னொரு தடவை காட்டுங்க" என்றார். காட்டினேன். "இன்னொரு தடவை." மூன்றாவது தடவை கைப்பிடியைத் தானே வாங்கிச் சுற்றினார். மற்ற இரண்டு பேரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய கணினியில் வானூர்தியைப் பறக்கவிட்டுப் பார்த்தவர்கள், அரை விரல் நூலுக்கு வாயைப் பிளந்து நின்றார்கள்.

"காத்து பின்னால எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்" என்று தலைவர் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் நடந்தார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"சார், நேரா நிக்காதீக!" என்று முனியாண்டி கத்தியது அவர் காதில் விழவில்லை.

நேராகத்தான் நின்றார். நின்றுகொண்டு ஃபைலைத் திறந்தார். திறந்த வேகத்தில், முடிவு எழுத வைத்திருந்த தாள் கிளம்பிவிட்டது. தலைக்கு மேலே ஏறி, பல்டி அடித்து, கருவேலங்காட்டைப் பார்த்துப் பறந்தது. குழுவில் இருந்த மூன்று பேர், மேடம், நான், முனியாண்டி எல்லோரும் அதன் பின்னால் ஓடினோம். என் அறுபத்தேழு வயதில் அப்படி ஓடியதில்லை. கடைசியில் முனியாண்டிதான் முள்ளுக்குள் புகுந்து, கையெல்லாம் கீறிக்கொண்டு அதை எடுத்து வந்தான். தாளில் மூன்று இடத்தில் முள் குத்தியிருந்தது.

தலைவர் மூச்சிரைக்கச் சிரித்தார். "கருவி ஓடுதான்னு ஒரு கேள்வி இருக்கு இதுல. பதில் அதுவே எழுதிக்கிச்சு" என்றார்.

அங்கேயே எழுத வேண்டும் என்றார். மேசை கிடையாது, சுற்றிலும் முள். முனியாண்டி யாரும் சொல்லாமலே திரும்பி, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தான். அவன் முதுகில் தாளை வைத்து இங்கிலீஷில் நாலு வரி எழுதினார். பிறகு எங்களைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தமிழிலும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன எழுதுறாக மதினி?" என்றான் முனியாண்டி, நிமிராமல்.

நான் எட்டிப் பார்த்து வாசித்தேன். "இக்கூடம் இருக்கும் இடத்திலேயே, ஓடும் நிலையில், நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டும்."

பாதியில் என் குரல் உடைந்துவிட்டது. கலைவாணி மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் மறைக்காமல் அழுதேன்.

"காதுல விழுகல மதினி. விசிறிச் சத்தம்" என்றான் அவன். "இன்னொருக்கா வாசிங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.